முகமில்லாத கண்கள்: ஒரு பயங்கரப் படமும் அதன் காலமும்

பயங்கரப் படம் என்ற பெயரைக் கேட்டதுமே முகஞ் சுளிப்பது படித்தவர்களிடையே வழக்கமாகிவிட்டது. முற்போக்குச் சிந்தனையுடையோர் இதில் மற்றவர்களிலும் ஒரு படி மேலே செல்வதுண்டு. மக்களை உண்மையாகவே வாட்டும் அச்சங்களான பசி, வேலையின்மை, யுத்தம் என்பவற்றை மறக்கச் செய்வதற்காகவே பேயும் பிசாசும் திரையிலே ஏவிவிடப்படுகின்றன என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்திலே நியாயம் இல்லாமலில்லை. பணங் குவிப்பதையே நோக்கமாகக் கொண்டு எடுக்கப்பட்ட பயங்கரப் படங்களுட் பெரும்பாலானவை இத்தீர்ப்புக்கு உரியனவே. ஆயினும், மலிந்த சரக்கைக் கொண்டு ஒரு கலைவகையின் தலையாய படைப்பை எடைபோடுவது விமர்சனமாகாது. 1960 ஆம் ஆண்டிலே பிரான்சில் வெளியான 'முகமில்லாத கண்கள்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அத்தகைய தலையாய படைப்புகளுள் ஒன்று. அதன் நெறியாளர் ஜோர்ஜ் பிரான்ஜு. நேர்த்தியான படம், அழகான படம் என்று அதனைப் பாராட்டுவோர் இன்று பலர். அந்த அழகு எந்த மண்ணிலே வேரூன்றியது, எந்தக் காலத்தின் காற்றைச் சுவாசித்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இப்பாகுபாட்டை ஐரோப்பியச் சினிமாவோடு பொருத்திப் பார்ப்பது விநோதமாகத் தோன்றலாம். ஆனால், அது நன்றாகவே பொருந்துகிறது. 1922 இல் ஜேர்மனியிலே முர்னாவ் எடுத்த 'நொஸ்பெராட்டு', 1931 இல் ஹொலிவூட் தந்த 'டிராகுலா' என்பன அணங்கின்பாற் பட்டவை. 1933 இல் வந்த 'கிங் கொங்' விலங்கு. குழந்தைகளைக் கொல்பவன் ஒருவனைப் பற்றிய பிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931), தீத்தொழில் புரியும் கள்வரைச் சேரும். நான்காவதாகிய இறையைப் பற்றிய அச்சந்தான் திரையிலே அருமை. இறை என்பதை அரசன் என்று மட்டுமன்றித் தந்தை, ஆசிரியன், மேலோன் என விரித்துப் பொருள்கொள்ளவும் இடமுண்டு. நம்மைப் பேணவும் ஆளவும் உரிமை பெற்றவன் எவனோ அவன் இறை. 1920 இல் வந்த 'டாக்டர் கலிகாரி' இவ்வச்சத்தைத் தொட்டது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் தலைவனே கொலைகளை ஏவுபவன் என்று அது காட்டிற்று. ஆனால், இவையெல்லாம் சித்தசுவாதீனமற்ற ஒருவனின் கற்பனை என்று முடிவிலே சொல்லித் தலைவனை நல்லவனாக்கிவிட்டது. இறைக்கு அஞ்சித் தன் அச்சத்தையே விழுங்கிக்கொண்ட படம் அது. பிரான்ஜுவின் படம் அவ்வாறு விழுங்கிக்கொள்ளவில்லை.

பிரான்சிலே பயங்கரக் கலைக்குத் திரையிலும் பார்க்க நாடக மேடையிலேயே நீண்ட மரபு இருந்தது. பாரிஸ் நகரின் பிகால் பகுதியிலே முன்னர் தேவாலயமாயிருந்த ஒரு சிறு கட்டடத்தில் 1897 இல் 'கிரான் கினியோல்' என்ற அரங்கு தொடங்கப்பட்டது. கண்ணைத் தோண்டுதல், கழுத்தை அறுத்தல், அமிலம் வீசுதல் ஆகியன அங்கு இரவுதோறும் நடித்துக் காட்டப்பட்டன. செயற்கை இரத்தம் ஆறாக ஓடியது. கனவான்களும் சீமாட்டிகளும் மயங்கி விழுவதற்கென்றே காசு கொடுத்துச் சென்றனர். 1962 இல் அவ்வரங்கு மூடப்பட்டபோது அதன் கடைசி இயக்குநர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. யுத்தத்துக்கு முன்பு, தாங்கள் மேடையிற் காட்டுவன உலகில் நடக்கமுடியாதவை என்று எல்லோரும் நம்பினர். இப்பொழுதோ, அவையும் அவற்றிற் கொடியவையும் நடக்கக்கூடும் என்று எல்லோரும் அறிவர் என்பது அவர் விளக்கம். புகன்வால்ட் சிறைமுகாமோடு தம்மாற் போட்டியிட முடியாது என்றும் அவர் சொன்னார். ஒரு வியாபாரியின் வாயிலிருந்து வந்த இவ்வார்த்தைகளிலே அக்கால ஐரோப்பியக் கலையின் பெரும் பிரச்சினை ஒன்று அடங்கியுள்ளது. 1945 இற்குப் பின்னர் செயற்கை இரத்தத்துக்கு மதிப்பில்லை. அப்படியாயின், அச்சத்தைப் பற்றிப் பேச விரும்பும் கலைஞன் எவ்வாறு பேசுவது?

இக்கேள்விக்குப் பிரான்ஜு விடை தேடிய இடம் ஒரு கொல்களம். 1912 இல் பிரித்தானி மாகாணத்தின் பூஜேர் என்ற ஊரிலே பிறந்த அவர், 1936 இல் ஹென்றி லாங்லுவா முதலியோருடன் சேர்ந்து பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தைத் தொடக்கியவர். பழைய ஊமைப் படங்களைக் குப்பையிலிருந்தும் உருக்காலையிலிருந்தும் மீட்டுப் பேணியது அந்நிறுவனம். அவர் 1949 இல் எடுத்த 'மிருகங்களின் இரத்தம்' என்ற குறும்படம் பாரிஸின் எல்லையிலே இருந்த வோஜிரார், லா வில்லெத் ஆகிய கொல்களங்களைக் காட்டுவது. ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். அப்படத்தைப் பார்த்த எவரும் அதிலே வரும் வெள்ளைக் குதிரையை மறக்கமாட்டார். ஒரு கணம் நிமிர்ந்து நிற்கும் குதிரை மறுகணம் முழங்கால் மடிந்து வீழ்கிறது. குளிர்காலக் காலையில் இரத்தத்திலிருந்து ஆவி எழுகிறது. கொல்பவர்கள் கொடியவர்களல்லர், அவர்கள் தொழிலாளர். அவர்களுடைய பெயர்களையும், வேலையிலே அவர்களுக்கு நேர்ந்த காயங்களையும் விவரணைக் குரல் அமைதியாகச் சொல்லிச் செல்கிறது. நகரம் உண்பதற்காக அவர்கள் கொல்கிறார்கள். உண்பவர்கள் இதனைப் பார்ப்பதில்லை. பார்க்க வைப்பதே படத்தின் வேலை.

அக்குறும்படத்திலே ஓரிடம் நமது ஆய்வுக்கு மிக வேண்டியது. ஆடுகள் கூட்டமாகக் கொல்களத்துக்குள் ஓட்டிச் செல்லப்படுகின்றன. அவற்றுக்கு முன்னே வழிகாட்டிச் செல்லும் ஆடு ஒன்றுண்டு. அதற்கு வழி தெரியும். தன் உயிர் தப்பும் என்பதும் தெரியும். மற்றவை அதன் பின்னே செல்கின்றன. பத்தாண்டுகளின் பின் பிரான்ஜு எடுத்த கதைப் படத்திலே அந்த ஆட்டை நாம் மனித உருவிற் சந்திக்கிறோம்.

கொல்களத்தின் பின் அவர் இராணுவ நூதனசாலையைப் பற்றி 'இன்வாலிட் மாளிகை' (1952) என்ற விவரணப் படத்தை எடுத்தார். வீரத்தின் பெருமையைப் பாடும்படி கேட்கப்பட்ட இடத்தில் அவர் அங்கவீனரின் உடல்களைக் காட்டினார். 1959 இல் வெளியான 'சுவரோடு மோதும் தலை' மனநோயாளர் விடுதியொன்றை அதிகாரத்தின் சிறைச்சாலையாகக் கண்டது. கொல்களம், போர் நூதனசாலை, மனநோயாளர் விடுதி என்று சென்ற இவ்வரிசையில் அடுத்தது தனியார் வைத்தியசாலை. சமூகம் மதிலெழுப்பி மறைத்த இடங்களையே அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்து வந்தார். ஆகவே 'முகமில்லாத கண்கள்' திடீரென்று பயங்கரச் சந்தைக்குள் நுழைந்த படமன்று.

சந்தை தன் பங்குக்கு வேண்டிய நிபந்தனைகளை விதித்தது உண்மை. ஜோன் ரெடோன் என்பவரின் நாவலைப் படமாக்க உரிமை வாங்கிய தயாரிப்பாளர், பிரெஞ்சுத் தணிக்கையாளருக்காக இரத்தத்தைக் குறைக்கவும், ஆங்கிலத் தணிக்கையாளருக்காக மிருகவதையைத் தவிர்க்கவும், ஜேர்மன் தணிக்கையாளருக்காகப் பைத்தியக்கார விஞ்ஞானியை விலக்கவும் சொன்னாராம். கதையோ ஒரு விஞ்ஞானி நாய்களையும் பெண்களையும் அறுப்பது பற்றியது! ஒவ்வொரு தேசமும் எதனைப் பார்க்க விரும்பவில்லை என்பதன் பட்டியலாகவே இதனை நாம் வாசிக்கலாம். ஜேர்மனியிலே பைத்தியக்கார விஞ்ஞானி ஏன் ஆகாது என்பதை விளக்கவேண்டியதில்லை.

படத்திற் பணியாற்றியோரின் வாழ்க்கையும் அந்த வரலாற்றினுள்ளேயே கிடந்தது. ஒளிப்பதிவாளர் ஒய்கன் ஷூப்ரான் பிரெஸ்லவ் நகரிலே பிறந்த யூதர். 'மெட்ரோபொலிஸ்' படத்திலே கையாளப்பட்ட கண்ணாடித் தந்திரத்தைக் கண்டுபிடித்தவர். ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டுப் பிரான்சுக்கும், பிரான்சு வீழ்ந்ததும் அமெரிக்காவுக்கும் ஓடியவர். உரையாடலை எழுதிய பியேர் கஸ்கார், யுத்தக் கைதியாக உக்ரேனின் ராவா ருஸ்கா முகாமிலே பிணக்குழி தோண்டியவர். அவ்வநுபவத்தை எழுதி 1953 இற் கொங்கூர் பரிசு பெற்றவர். திரைக்கதையிற் கைகொடுத்த புவாலோ, நார்செஜாக் இரட்டையர் 'லெ டியபோலிக்', 'வேர்ட்டிகோ' ஆகிய படங்களுக்கு மூலமான நாவல்களின் ஆசிரியர்கள். இசை மொரிஸ் ஜார். இவர்களுள் எவரும் பயங்கரத்தைப் புத்தகத்திலே மட்டும் படித்தவரல்லர் என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் ஷூப்ரானையும் கஸ்காரையும் பொறுத்தவரை அது மெய்.

கதை மிக எளியது. புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் பேராசிரியர் ஜெனெசியே வெறிகொண்டவர் போல் மோட்டார் வண்டி ஓட்டியதால் நேர்ந்த விபத்தில் அவருடைய மகள் கிறிஸ்தியானின் முகம் சிதைந்துவிட்டது. மகளுக்குப் புதுமுகம் கொடுக்க அவர் உறுதி பூணுகிறார். அதற்காக அவருடைய உதவியாளர் லூயிஸ் பாரிஸ் தெருக்களிலே இளம்பெண்களைத் தேடிப் பிடித்து, நகருக்கு வெளியேயுள்ள மாளிகைக்கு அழைத்து வருகிறாள். அங்கே அவர்களுடைய முகத்தோல் உரிக்கப்படுகிறது. ஒட்டிய தோல் நிலைப்பதில்லை. மீண்டும் ஒருத்தி வேண்டும்.

இக்கதையை வேறொருவர் கையிற் கொடுத்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். பிரான்ஜு செய்ததோ வேறு. முதற் காட்சியிலே இரவு, மரங்கள் அணிவகுத்த வீதி. ஒரு பெண் சிறிய சித்ரோயன் வண்டியை ஓட்டிச் செல்கிறாள். பின்னாசனத்திலே தொப்பியும் ஆண்பிள்ளை மேலங்கியும் அணிந்த ஓர் உருவம் சரிந்து கிடக்கிறது. இவற்றுக்கு மேலே ஜாரின் இசை: களியாட்ட விழாவிலே இராட்டினம் சுற்றும்போது கேட்பது போன்ற ஒரு குதூகலச் சுழற்சி. பிணத்தை ஆற்றிலே தள்ளச் செல்பவளுக்கு இந்த இசை ஏன்? அவளுக்கு அது அன்றாட வேலை. இராட்டினம் போலச் சுற்றிச் சுற்றி வருவது. ஆடுகளை வெட்டும்போது தொழிலாளர் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்ட காதுதான் இந்த இசையை இங்கே வைத்தது.

அடுத்த காட்சி நம் போன்ற ஆசிரியத் தொழில் புரிவோர் கவனிக்கவேண்டியது. பேராசிரியர் ஒரு மண்டபத்திலே விரிவுரை நிகழ்த்துகிறார். ஒருவர் உடலிலிருந்து மற்றவர் உடலுக்குத் தோலொட்டுதல் பற்றியும், உடல் அதனை ஏற்க மறுப்பதைக் கதிர்வீச்சினால் தடுப்பது பற்றியும் விளக்குகிறார். முன்வரிசையிலே செல்வச் சீமாட்டிகள். அவர்களுக்கு வேண்டியது இளமை. பேராசிரியர் அதற்கு வழிகாட்டுகிறார். கைதட்டல் முழங்குகிறது. இவ்விரிவுரை வெறுங் கற்பனையன்று. தோலொட்டு ஏன் தோல்வியுறுகிறது என்பதை யுத்தகாலத்திலே தீக்காயமுற்றோரிடம் ஆராயத் தொடங்கிய பீற்றர் மெடவார், படம் வெளியான அதே 1960 இலே நோபல் பரிசு பெற்றார். யூகோஸ்லாவியாவின் வின்சா அணு நிலையத்திலே 1958 இற் கதிர்வீச்சுக்கு ஆளானோர் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டு, மற்றவர்களின் எலும்பு மச்சை செலுத்தப்பட்டுச் சிகிச்சை பெற்றனர். இன்னொன்றும் உண்டு. 1951 ஜனவரியிலே பாரிஸில் நடந்த ஆரம்ப சிறுநீரக மாற்றுச் சிகிச்சைகளுக்கு வேண்டிய உறுப்புகள், கில்லட்டினிலே தலை வெட்டப்பட்ட குற்றவாளிகளின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை. உயிர் காக்கும் விஞ்ஞானம் கொலைமேடையின் அடியிலே காத்து நின்றதை அந்நாட்டு மக்கள் தம் கண்முன்னே கண்டனர்.

விரிவுரை முடிந்ததும் பேராசிரியர் சவச்சாலைக்கு அழைக்கப்படுகிறார். ஆற்றிலே கிடைத்த பிணம் தம் மகளுடையதே என்று அவர் பொய்யாக அடையாளங் காட்டுகிறார். உண்மையிலே அது தெஸ்ஸோ என்ற எளிய மனிதரின் மகள். தெஸ்ஸோவும் அங்கே வந்து நிற்கிறார். தம் மகள் உயிருடன் இருக்கக்கூடும் என்ற ஆறுதலோடு அவர் திரும்பவேண்டியிருக்கிறது. பேராசிரியரோ, உங்களுக்காவது நம்பிக்கை மிஞ்சியிருக்கிறதே என்ற கருத்துப்பட அவரிடம் பேசிவிட்டுச் செல்கிறார். படத்திலே கத்தி எடுக்கப்படும் காட்சிகள் உண்டு. நம்மைப் பொறுத்தவரை இதுவே மிகக் கொடிய காட்சி. மகளின் முகத்தை எடுத்தவர், தகப்பனின் துக்கத்தையும் எடுத்துக்கொள்கிறார். தெஸ்ஸோ தன் மகளைப் புதைக்கவும் உரிமையற்றவராகிறார். அவளோ வேறொரு குடும்பத்தின் கல்லறையிலே வேறொருத்தியின் பெயரில் அடக்கமாகிறாள்.

பேராசிரியராக நடிக்கும் பியேர் பிரசெர் குரலை உயர்த்துவதில்லை. களைத்த மனிதராகவே நடமாடுகிறார். வைத்தியசாலையிலே ஒரு சிறுவனைப் பரிவோடு பரிசோதிக்கிறார். அந்தப் பரிவு நடிப்பன்று. நல்ல வைத்தியர், பாசமுள்ள தந்தை, மதிப்புள்ள பிரசை. இம்மூன்றும் அவரிடத்து உண்மையாகவே உள்ளன. குற்றம் இவற்றுக்குப் புறம்பாக நடப்பதில்லை. இவற்றின் வழியாகவே நடக்கிறது. தொல்காப்பியரின் நான்காவது களன் இங்கே முழுமையாக விரிகிறது.

லூயிஸாக வருபவர் இத்தாலிய நடிகை அலிடா வல்லி. கழுத்திலே எப்போதும் முத்துமாலை இறுக்கிக் கட்டியிருப்பாள். அதற்குக் கீழே தழும்பு இருக்கிறது. அவளுடைய முகத்தையும் முன்னர் பேராசிரியரே சீராக்கினார். அந்த நன்றிக்கடன் அவளை அடிமையாக்கிவிட்டது. படமாளிகை வரிசையிலோ உணவுச்சாலையிலோ தனித்திருக்கும் பெண்ணை அணுகி, அவளோடு சிநேகம் பூண்டு, தங்குவதற்கு அறை இருக்கிறது என்று சொல்லி அழைத்து வருகிறாள். எட்னா என்ற சுவிஸ் மாணவி இப்படித்தான் வந்து சேர்கிறாள். பாரிஸிலே அறை தேடி அலையும் வெளிநாட்டு மாணவிக்கு அன்பாகப் பேசும் ஒரு நடுவயதுப் பெண் கிடைத்தால் அவள் ஏன் போகமாட்டாள்? கொல்களத்துக்கு வழிகாட்டிச் செல்லும் ஆடு இவள்தான். தான் உயிர் தப்பியதால் மற்றவர்களை அழைத்துச் செல்பவள்.

சத்திரசிகிச்சைக் காட்சியைப் பற்றி மிகப் பேசப்பட்டுவிட்டது. நாம் சுருக்கமாகவே சொல்வோம். சில நிமிடங்கள் இசையே இல்லை. கேட்பது மூச்சும் கருவிகளின் ஓசையுமே. எட்னாவின் முகத்தைச் சுற்றிப் பென்சிலாலே கோடு இழுக்கப்படுகிறது. பின் கத்தி அக்கோட்டைத் தொடர்கிறது. நெற்றி வியர்வையை லூயிஸ் துடைத்துவிடுகிறாள். கமரா துடிப்பதுமில்லை, விலகுவதுமில்லை. கிரான் கினியோலின் செந்நிற வெள்ளத்தோடு ஒப்பிட்டால் இங்கு சிந்தும் இரத்தம் மிக அற்பம். ஆனால் பார்ப்பவர் கை நடுங்குகிறது. 1960 இலே எடின்பரோ திரைப்பட விழாவில் ஏழு பேர் மயங்கி விழுந்தனர் எனப் பத்திரிகைகள் எழுதின. செயற்கை இரத்தத்தின் காலம் முடிந்த பின் எவ்வாறு பேசுவது என்று முன்பு கேட்டோமல்லவா? பிரான்ஜுவின் விடை இதுவே. வேலை எவ்வாறு நடக்கிறதோ அவ்வாறே காட்டுவது.

இனி அந்த முகமூடி. கிறிஸ்தியானாக நடித்த எடித் ஸ்கோப் பெரும்பாலும் முகமூடியுடனேயே தோன்றுகிறார். வெண்மையான, மென்மையான, உணர்ச்சியேதுமற்ற முகம்; அதற்குள்ளே இரண்டு உயிருள்ள கண்கள். நீண்ட வெண்ணிற அங்கியோடு கண்ணாடிகள் அகற்றப்பட்ட மாளிகையிலே அவள் நடக்கும்போது தரையிலே கால் படுகிறதா என்ற ஐயம் எழுகிறது. தன் காதலனைத் தொலைபேசியில் அழைத்து, அவன் குரலைக் கேட்டுவிட்டுப் பேசாமலே வைத்துவிடுகிறாள். கூண்டிலே அடைபட்ட நாய்களிடம் சென்று அவற்றைத் தடவிக்கொடுக்கிறாள். அவற்றுக்கும் அவளுக்கும் ஒரே எசமான். அவையும் அவளும் ஒரே ஆராய்ச்சியின் பொருள்கள்.

இந்த முகமூடியைக் கவிதைக் குறியீடு என்று மட்டும் கொள்வோர் பிரான்சின் வரலாற்றை மறந்தவராவர். முதலாவது உலக மகாயுத்தம் அந்நாட்டுக்கு முகஞ் சிதைந்த போர்வீரரைப் பல்லாயிரக்கணக்கில் விட்டுச் சென்றது. 'உடைந்த முகங்கள்' என்பதே அவர்களுக்கு வழங்கிய பெயர். 1919 ஜூன் 28 ஆம் திகதி வேர்சாய் உடன்படிக்கை கையொப்பமிடப்பட்ட மண்டபத்திலே அத்தகைய ஐவர் நிறுத்தப்பட்டனர். அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட் பாரிஸிலே ஒரு தொழிற்கூடம் அமைத்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவோடு அவர்களுக்கு மெல்லிய செப்புத் தகட்டால் முகமூடிகள் செய்து, தோலின் நிறத்தைத் தீட்டிக் கொடுத்தார். பழைய புகைப்படத்தைப் பார்த்து, அசையாத முகம் ஒன்றை மனிதன் மீது பொருத்தினர். பிரான்ஜுவின் தலைமுறைப் பிள்ளைகள் தெருவிலே அத்தகைய மனிதரைக் கண்டு வளர்ந்தவர்கள். கிறிஸ்தியானின் முகமூடி அங்கிருந்து வருகிறது என்று நாம் உறுதிகூறோம். அதனை முதன்முதற் கண்ட பிரெஞ்சுப் பார்வையாளருக்கு அது புதுமையாயிருந்திருக்க முடியாது என்று மட்டும் கூறுவோம்.

அண்மைக்கால நினைவுகள் இவற்றிலும் கொடியவை. ஜேர்மானியர் பாரிஸை ஆக்கிரமித்திருந்த காலத்தில், தப்பியோட வழிசெய்வதாகச் சொல்லி மக்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துக் கொன்றவன் மார்செல் பெத்தியோ என்ற வைத்தியன். இருபத்தாறு கொலைகளுக்குக் குற்றவாளியாகக் காணப்பட்டு 1946 மே மாதத்திலே கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டான். பெத்தியோ தனிமனிதன், பேராசைக்காரன். ஓகுஸ்ட் ஹிர்ட்டோ ஸ்ட்ராஸ்பூர்க் சர்வகலாசாலையின் உடற்கூற்றுப் பேராசிரியன். எலும்புக்கூடுகளின் தொகுப்பொன்று தன் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்பதற்காக 1943 ஓகஸ்டிலே எண்பத்தாறு யூதரை அல்சேஸ் மலையிலிருந்த ஸ்ட்ருதோவ் முகாமின் நச்சுவாயு அறையிலே கொல்வித்தவன். ராவென்ஸ்புரூக் முகாமிலே போலந்துப் பெண்களின் கால்களை அறுத்து எலும்பும் தசையும் எடுத்து ஒட்டிப் பார்த்தனர். நியூரெம்பேர்க்கிலே 1946 டிசெம்பர் தொடக்கம் 1947 ஓகஸ்ட் வரை நடந்த வைத்தியர் வழக்கிலே இருபத்துமூவர் குற்றஞ்சாட்டப்பட்டனர். எழுவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுட் பலர் பட்டமும் பதவியும் பெற்ற அறிஞர். விஞ்ஞானத்துக்காகவே செய்தோம் என்பது அவர்கள் கூறிய சமாதானம். ஜெனெசியே தம் மகளுக்காகச் செய்கிறார். ஆனால் மகளோ இனித் தன்னைச் சாகவிடும்படி கேட்கிறாள். அவர் கேட்பதாயில்லை. தோல் அழுகிய படிகளைத் திகதி வாரியாகப் புகைப்படம் எடுத்துக் குறிப்புச் சொல்லிக்கொண்டே போகிறார். தந்தையின் குரல் எங்கே முடிகிறது, ஆராய்ச்சியாளனின் குரல் எங்கே தொடங்குகிறது என்று அவ்விடத்திலே பிரிக்கமுடியாது.

படம் திரைக்கு வந்தபோது பிரான்சு இன்னொரு யுத்தத்தின் நடுவே இருந்தது. 1954 முதல் 1962 வரை நீடித்த அல்ஜீரிய யுத்தத்திலே, அல்ஜியர்ஸ் நகரின் வில்லா சுசினி போன்ற அழகிய மாளிகைகளிலே பிரெஞ்சுப் படையினர் கைதிகளை வதைத்தனர். கம்யூனிஸ்ட் பத்திரிகையாளர் ஹென்றி அலெக் தமக்கு நேர்ந்த வதையை எழுதி 1958 இல் வெளியிட்ட நூல் அரசினாற் பறிமுதல் செய்யப்பட்டது. 1957 ஜூனிலே கைதான இருபத்தைந்து வயதுக் கணித ஆசிரியர் மொரிஸ் ஓதன் திரும்பி வரவேயில்லை. அவருடைய சாவுக்கு அரசே பொறுப்பு என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஏற்றுக்கொண்டது 2018 இலேதான். அறுபத்தொரு வருடம் அவருடைய குடும்பத்தினர் தெஸ்ஸோவின் நிலையிலே நின்றனர். பிரான்ஜுவின் படத்திலே அல்ஜீரியாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உவமையாகவே எடுத்தார் என்று நாம் வலிந்து பொருள் காணவும் விரும்பவில்லை. ஆயினும், அமைதியான மாளிகை, வெளியே குரைக்கும் நாய்கள், உள்ளே மேசையிற் கட்டப்பட்ட உடல், மேலறையில் உணவருந்தும் குடும்பம் என்ற காட்சியை 1960 இலே பாரிஸ் படமாளிகையிலிருந்து பார்த்தவர்கள் பத்திரிகை வாசியாதவர்களல்லர்.

படத்தின் குறைகளையும் சொல்லவேண்டும். காதலனாக வரும் வைத்தியன் மரப்பாவை போலிருக்கிறான். பொலிஸ் காட்சிகள் சப்பென்றிருக்கின்றன. ஆனால், அச்சப்பிலும் ஓர் உண்மை புலப்படுகிறது. கடையிலே களவெடுத்துப் பிடிபட்ட பொலெத் என்ற ஏழைப் பெண்ணைப் பொலிசார் மிரட்டி, தலைமயிரின் நிறத்தை மாற்றி, வைத்தியசாலைக்குள் இரையாக அனுப்புகின்றனர். அவள் இரவிலே காணாமற் போகிறாள். அவளை அனுப்பிவிட்டோம் என்று பேராசிரியர் சொன்னதும் அதிகாரிகள் தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டுச் செல்கின்றனர். ஒரு பேராசிரியரின் வார்த்தைக்கு எதிரே ஒரு கள்ளியின் உயிர் எம்மாத்திரம்? யாருடைய மகளுக்கு முகம் வேண்டும், யாருடைய மகளின் முகம் எடுக்கப்படலாம் என்ற கணக்கு அந்த மாளிகைக்குள் மட்டும் போடப்பட்டதன்று.

அவளைக் காப்பாற்றுவது பொலிசாருமல்லர், காதலனுமல்லன். கிறிஸ்தியானே கத்தியை எடுத்துக் கட்டை அறுக்கிறாள். தடுக்க வந்த லூயிஸின் கழுத்திலே, முத்துமாலை இருந்த அதே இடத்திலே, கத்தியைப் பாய்ச்சுகிறாள். நாய்க்கூண்டுகளைத் திறக்கிறாள், புறாக்களை விடுகிறாள். நாய்கள் எசமானின் முகத்தைக் குதறுகின்றன. அவள் புறா சூழ இருண்ட மரங்களுக்கிடையே நடந்து செல்கிறாள். விடுதலைதான், ஆனால் எங்கே செல்வாள் என்று படம் சொல்லவில்லை. இம்முடிவை வெறும் அழகுக் காட்சி என்று குறைகூறுவோருடன் நாம் உடன்படவில்லை. படம் முழுவதிலும் தன் முகத்துக்காகப் பிறர் இறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, முகமே வேண்டாமென்று எழுந்து வெளியேறும் இடம் அது.

பிரித்தானிய விமர்சகர் பலர் படத்தை அருவருத்தனர். அமெரிக்காவிலே 1962 இல் ஆங்கிலக் குரல் பொருத்தி, சில பகுதிகளை வெட்டி, 'டாக்டர் பௌஸ்டசின் பயங்கர அறை' என்று பெயரிட்டு இன்னொரு மலிவுப் படத்தோடு சேர்த்து ஓட்டினர். பௌஸ்டஸ் என்று எவரும் படத்தில் இல்லை! தோல் உரிக்கும் படத்துக்கே தோலை மாற்றிவிட்டனர் வியாபாரிகள். மூலப்படம் அங்கு முறையாகத் திரையிடப்பட 2003 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதற்குள் பிரான்ஜு இறந்து (1987) பதினாறு வருடங்களாகிவிட்டன.

2005 நவம்பரிலே வட பிரான்சின் அமியென் நகர வைத்தியசாலையில் உலகின் முதலாவது பகுதி முகமாற்றுச் சிகிச்சை நடைபெற்றது. சிகிச்சை பெற்ற பெண்ணின் முகத்தைச் சிதைத்தது அவளுடைய சொந்த வளர்ப்பு நாய். முகத்தைத் தந்தவள் மூளைச்சாவடைந்த இன்னொரு பெண். அவளுடைய குடும்பத்தாரின் சம்மதம் முன்னரே கேட்டுப் பெறப்பட்டது. மூக்கும் உதடுகளும் நாடியும் எடுக்கப்பட்ட அவளை வீட்டாரிடம் அவ்வாறே ஒப்படைக்க வைத்தியர்கள் விரும்பவில்லை. அதனால், அவளுடைய சாயலிலேயே ஒரு முகமூடி செய்து உடலிற் பொருத்தி, அடக்கஞ் செய்வதற்குக் கொடுத்தனுப்பினர்.